செய்திக்கு யார் செலவு செய்கிறார்கள்? ஊடகமும் ஜனநாயகமும்: ஒரு விளக்கம்

"கைப்பேசி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் செய்தியாளர்தான், இனிமேல் செய்தி நிறுவனம் எதற்கு?" ஒரு செய்தித் தளம் முடக்கப்படும்போதும், ஒரு தொலைக்காட்சி பெருமுதலாளியின் கைக்கு மாறும்போதும் இந்தக் கேள்வி தவறாமல் எழுகிறது. கேட்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இரவு விவாதங்களில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்ப்பவருக்கு, அந்தக் கூச்சல் நின்றுபோனால் நாட்டுக்கு என்ன குறைந்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. மறுபக்கம், மேடை கிடைத்தால் போதும், 'ஜனநாயகத்தின் நான்காவது தூண்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அந்தத் தூண் எதைத் தாங்குகிறது, அது சாய்ந்தால் எந்தச் சுவர் முதலில் விரிசல் விடும் என்பதை இரு தரப்பும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப் போகிறோம்.

## செய்தி என்பது மூன்று வேலைகள்

ஒரு செய்தி நம் கைக்கு வந்து சேர மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும்.

1. கண்டெடுப்பது. கோப்பைப் படிக்க, கூட்டத்தில் உட்கார, அதிகாரியின் அறைக்குப் பல முறை நடக்க ஓர் ஆள் வேண்டும்.

2. சரிபார்ப்பது. கிடைத்த தாள் உண்மையானதா, குற்றம் சாட்டப்படுபவரின் பதில் என்ன, நாளை வழக்கு வந்தால் இது நிற்குமா என்று பார்க்க இன்னும் சிலர் வேண்டும்: துணையாசிரியர், ஆசிரியர், சில சமயம் வக்கீல்.

3. பரப்புவது. அச்சு, வண்டி, அலைவரிசை, இணையம்.

கைப்பேசியும் சமூக ஊடகமும் மூன்றாவது வேலையை ஏறத்தாழ இலவசமாக்கிவிட்டன. முதல் இரண்டும் அன்று போலவே இன்றும் ஆளையும் காலத்தையும் பணத்தையும் கேட்கின்றன. வெள்ளம் புகுந்த தெருவைப் படமெடுத்துப் போட யாராலும் முடியும். அந்தத் தெருவின் மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை எந்த ஒப்பந்ததாரருக்குப் போனது, பணி முடிந்ததாகக் கையெழுத்திட்டது யார் என்பதை யாராவது உட்கார்ந்து தோண்டியெடுக்க வேண்டும்.

முன்பு இந்த மூன்றும் ஒன்றாகக் கட்டி விற்கப்பட்டன. கிரிக்கெட் செய்திக்காகவும் சினிமாப் பக்கத்துக்காகவும் வாங்கியவர் கொடுத்த காசும், 'மணமகன் தேவை', 'வீடு வாடகைக்கு' போன்ற வரி விளம்பரங்களால் வந்த வருமானமும் சேர்ந்துதான் நீதிமன்ற நிருபரின் சம்பளமாயின. வரி விளம்பரங்கள் தனித்தனி இணையதளங்களுக்குப் போய்விட்டன. கிரிக்கெட் ஸ்கோர் கைப்பேசியில் வந்துவிடுகிறது. நீதிமன்ற நிருபருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய தேவை மட்டும் அப்படியே நிற்கிறது.

கருத்து ஏன் பெருகியது, செய்தி ஏன் மெலிந்தது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. விருந்தினர் நால்வரையும் நெறியாளர் ஒருவரையும் வைத்து ஒரு மணி நேரத்தை நிரப்புவது மலிவு. ஒரு நிருபரையும் ஒளிப்பதிவாளரையும் நான்கு நாள் ராமநாதபுரத்துக்கு அனுப்பினால் கிடைப்பது எட்டு நிமிடக் காட்சி, அதுவும் கிடைத்தால்தான்.

## கீழே நடப்பது மேலே தெரிய வேண்டும்

ஊடகத்தின் வேலை ஆள்பவரைப் பற்றி மக்களுக்குச் சொல்வது என்றே பொதுவாக நினைக்கிறோம். மக்களின் நிலையை ஆள்பவருக்குச் சொல்வதும் அதே அளவு முக்கியம். இதற்கு 1943 வங்கப் பஞ்சம் சாட்சி.

அந்த ஆண்டு கல்கத்தாத் தெருக்களில் பட்டினியால் மக்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். போர்க்காலத் தணிக்கை கடுமையாக இருந்தது. பஞ்சம் என்று அறிவிக்கவே அரசு மறுத்தது. அறிவித்தால் பஞ்ச விதிகளின்படி நிவாரணம் தந்தாக வேண்டும். ஆங்கிலேயருக்குச் சொந்தமான 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், 1943 ஆகஸ்ட் 22 அன்று தெருவோரப் பட்டினியின் புகைப்படங்களை அச்சிட்டார். அக்டோபர் நடுவில் கடுமையான தலையங்கங்களும் வந்தன. விஷயம் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. அதே மாதம் பதவியேற்ற வைசிராய் வேவல் சில நாட்களிலேயே கல்கத்தாவுக்கு வந்து, நிவாரணத்தில் ராணுவத்தை இறக்கினார். அதற்குள் பல லட்சம் உயிர்கள் போயிருந்தன. மொத்தச் சாவு 20 முதல் 30 லட்சம் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சிறுவனாக இந்தப் பஞ்சத்தை நேரில் கண்டவர். தேர்தலும் சுதந்திரப் பத்திரிகைகளும் செயல்படும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பது அவருடைய வாதம். எதிர் உதாரணமாக அவர் காட்டுவது 1958–61 சீனப் பஞ்சம். கோடிக்கணக்கானோர் மாண்ட அந்த ஆண்டுகளில் உள்ளூர் அதிகாரிகள் விளைச்சலை ஊதிப் பெருக்கி மேலே எழுதினார்கள். அதை மறுத்து எழுதப் பத்திரிகை கிடையாது. பெய்ஜிங் தன் பொய்யைத் தானே நம்பியது. ஜனநாயகம் இல்லாவிட்டால் கீழே நடப்பது நமக்குத் தெரியாமல் போகும் என்று 1962இல் மாவோவே தம் கட்சி ஊழியர்களிடம் பேசியிருக்கிறார்.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. சென்னே அதைச் சொல்கிறார். பஞ்சம் படத்தில் தெரியும். சத்துக்குறைவால் வளர்ச்சி குன்றிய குழந்தை படத்தில் தெரியாது. விடுதலைக்குப் பிறகு பஞ்சத்தைத் தவிர்த்த இந்தியா, நாட்பட்ட பசியை அப்படித் தவிர்க்கவில்லை. திடீரென நிகழ்வதை ஊடகம் பிடித்துவிடுகிறது, மெதுவாக நிகழ்வதைத் தவறவிடுகிறது. இந்தக் குறை இன்றும் அப்படியே இருக்கிறது.

## நிருபர் வராத ஊர்

கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்ட, கலிபோர்னியாவின் பெல் நகரத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில், இரண்டரைச் சதுர மைல் பரப்பில் சுமார் 35,000 பேர் வாழும் சிற்றூர் அது. பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி உழைப்பாளிக் குடும்பங்கள். ஊருக்கென்று பெயர் சொல்லும்படி நாளிதழ் எதுவும் அப்போது இல்லை. பக்கத்துப் பெருநகரத்தின் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' இப்படிப்பட்ட சிறு நகரங்களின் மன்றக் கூட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை வெகுவாகக் குறைத்திருந்தது.

2010இல் அந்த இதழின் நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் விவெஸ் இருவரும் பக்கத்து ஊரான மேவுட் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நகராட்சி தன் ஊழியர்களை எல்லாம் நீக்கிவிட்டு நிர்வாகத்தைப் பெல் நகரிடம் ஒப்படைக்கவிருந்தது. பெல் மன்ற உறுப்பினர்களின் ஊதியம் பற்றி அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரிக்கிறது என்ற தகவல் அந்த வேலையின் நடுவே காதில் விழுந்தது. பொது ஆவணச் சட்டப்படி மனுக் கொடுத்துவிட்டு விடாமல் நச்சரித்தார்கள். கடைசியில் நகர மேலாளர் ராபர்ட் ரிஸோ ஒரு பூங்காக் கட்டடத்தின் கூட்ட அறையில், அதிகாரிகள் புடைசூழ அவர்களைச் சந்தித்தார். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டதும் தயக்கத்துடன் வந்த பதில், ஏழு லட்சம் டாலர். சரியான தொகை 7,87,637 டாலர். அமெரிக்க அதிபரின் ஊதியம் 4,00,000 டாலர். பெல் காவல்துறைத் தலைவர் 4,57,000 டாலர் வாங்கினார். பகுதி நேர வேலையான மன்ற உறுப்பினர் பதவிக்கு, ஐந்து பேரில் நால்வர் ஆண்டுக்குச் சுமார் 1,00,000 டாலர் எடுத்துக்கொண்டார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. எல்லாம் 'முறைப்படி' நடந்தது போலவே காட்டப்பட்டது. 2005இல் ஒரு சிறப்புத் தேர்தல் நடத்தி, மாநிலத்தின் ஊதிய வரம்புக்குக் கட்டுப்படாத தனிச் சாசன நகரமாகப் பெல் மாற்றப்பட்டது. வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. எதற்கு அந்தத் தேர்தல் என்று ஊருக்கு விளக்கி எழுத யாரும் இல்லை.

2. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2008இல் ஒருவர் அதிகாரிகளின் ஊதிய விவரத்தை எழுத்துமூலம் கேட்டார். பொய்த் தொகை எழுதிய தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். தனி ஆளுக்குத் தாள் கிடைத்ததோடு கதை முடிந்தது. அதைச் சரிபார்க்கும் வழியோ வழக்குப் போடும் வசதியோ அவரிடம் இல்லை. நிருபருக்குப் பின்னால் நிறுவனம் நின்றது, அதன் வக்கீல்கள் நின்றார்கள்.

3. சம்பளம் வானத்திலிருந்து வரவில்லை. பெல் மக்கள் அளவுக்கு மீறிய சொத்து வரி கட்டினார்கள். கார்களைப் பறிமுதல் செய்து மீட்புக் கட்டணம் வசூலிப்பதும், சிறு கடைக்காரர்களிடம் கண்டபடி பணம் கறப்பதும் பிறகு வெளிவந்தன.

செய்தி வந்த சில நாட்களில் ரிஸோ பதவி விலகினார். செப்டம்பரில் எட்டுப் பேர் கைது. அடுத்த மார்ச்சில் ஊர் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் பழைய மன்ற உறுப்பினர்களைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ரிஸோவுக்கு 2014இல் 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 1993இல் 72,000 டாலர் சம்பளத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்தச் செய்தி வரும்வரை பதினேழு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் பெல் நகரில் தேர்தலும் நடந்தது, மன்றமும் கூடியது, பட்ஜெட்டும் நிறைவேறியது. ஜனநாயகத்தின் சடங்கு ஒன்றுகூடத் தவறவில்லை.

## வெளியிட்டால் மட்டும் போதுமா? தேர்தல் பத்திரங்களின் கதை

"ஆவணங்களை இணையத்தில் போட்டுவிட்டால் மக்களே பார்த்துக்கொள்வார்களே" என்று கேட்கலாம். இதற்கு நம் நாட்டிலேயே அண்மைக்கால விடை இருக்கிறது.

தேர்தல் பத்திரம் என்பது, கட்சிக்கு நன்கொடை கொடுக்க ஸ்டேட் வங்கியில் வாங்கக்கூடிய சீட்டு. 1,000 ரூபாய் முதல் ஒரு கோடி வரை ஐந்து மதிப்புகளில் கிடைத்தது. கொடுத்தவர் யார் என்று பொதுமக்களுக்குத் தெரியாது. அதுதான் 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் சாரம். சீட்டில் அடையாளம் எதுவும் இருக்காது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2018 ஏப்ரலில் 'தி குவின்ட்' தளத்தின் செய்தியாளர் பூனம் அகர்வால், 1,000 ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கி ஒன்றைத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். புற ஊதா ஒளியில் வைத்தபோது, வலப்பக்க மேல் மூலையில் கண்ணுக்குத் தெரியாமல் அச்சிட்ட எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு தெரிந்தது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு தனி எண். அது பாதுகாப்பு அம்சம் மட்டுமே என்று அரசு விளக்கம் சொன்னது.

2019இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா பெற்ற கோப்புகளை வைத்து, செய்தியாளர் நிதின் சேத்தி ஒரு தொடர் எழுதினார். ரிசர்வ் வங்கியின் எதிர்ப்பை நிதி அமைச்சகம் எப்படி ஒதுக்கித் தள்ளியது என்பது அதில் கோப்புக் குறிப்புகளோடு வந்தது. பெரிய தொலைக்காட்சிகளில் இவை ஓடியதாக நினைவில்லை.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தது. விவரங்களைத் தர ஜூன் 30 வரை ஸ்டேட் வங்கி அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையத் தளத்தில் இரண்டு பட்டியல்கள் வந்தன. வாங்கியவர்கள் 337 பக்கம், பெற்ற கட்சிகள் 426 பக்கம். யார் பணம் யாருக்குப் போனது என்பது இரண்டிலும் இல்லை. அதை இணைக்க வேண்டியது அந்தத் தனி எண்தான். நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்ட பிறகு, மார்ச் 21 அன்று எண்களும் வெளிவந்தன.

இப்போது எல்லாம் பொதுவில் இருக்கிறது. ஆனால் பட்டியலில் உள்ள கம்பெனிப் பெயர்கள் பெரும்பாலும் யாரும் கேள்விப்படாதவை. எந்தக் கம்பெனியின் இயக்குநர் வேறு எந்தக் கம்பெனியிலும் இருக்கிறார், அரசு அமைப்புகளின் சோதனை நடந்த தேதிக்கும் பத்திரம் வாங்கிய தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி, ஒப்பந்தம் எப்போது கிடைத்தது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. நியூஸ்லாண்ட்ரி, ஸ்க்ரோல், தி நியூஸ் மினிட் ஆகிய சிறிய நிறுவனங்கள் தனிச் செய்தியாளர்களையும் சேர்த்துக்கொண்டு இந்த வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. மூன்றும் தனித்தனி நிறுவனங்கள். தனியாகச் செய்யுமளவு ஆள் எவரிடமும் இல்லை.

தெரிய வந்தவை பல கட்சிகளைத் தொட்டன. 2019 ஏப்ரல் முதல் 2024 பிப்ரவரி வரை அதிகம் பெற்றது பாரதிய ஜனதா கட்சி, சுமார் 6,060 கோடி ரூபாய். அதிகம் வாங்கிய நிறுவனம் கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதில் 509 கோடி திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு வந்ததாக அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. லாட்டரி தடை செய்யப்பட்ட மாநிலத்தில் ஆளுங்கட்சியாக இருந்த கட்சிக்கு லாட்டரிப் பணம் என்ற செய்தி, தமிழ் வாசகருக்கு எந்தத் தலையங்கத்தின் உதவியும் இல்லாமல் புரிந்தது.

## சட்டம் எவ்வளவு காக்கிறது?

இந்திய அரசியல் சாசனத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனிப் பிரிவு கிடையாது. 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தரும் பேச்சுரிமைதான் பத்திரிகைக்கும். அதற்கென்று தனி உரிமை தேவையில்லை என்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1948இல் விளக்கினார். ஆக, நிருபருக்குச் சட்டம் தரும் கவசம் வாசகருக்கு உள்ளதுதான். கூடுதலாக ஒன்றுமில்லை.

இந்த உரிமைக்கு உருவம் கொடுத்த வழக்குகளில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழைச் சென்னை மாகாண அரசு தடுத்தது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் போட்ட வழக்கில் 1950இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. மறு ஆண்டே முதல் சாசனத் திருத்தம் வந்து, 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தையும் கட்டுப்பாடுகளின் பட்டியலில் சேர்த்தது. 1994இல் நக்கீரன் கோபால் வழக்கில், அவதூறு என்று கருதினால் வெளியான பிறகு அதிகாரிகள் வழக்குப் போடலாம், வெளிவருமுன் தடுக்க முடியாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குக்குக் காரணமான தொடர், தூக்குத் தண்டனைக் கைதி 'ஆட்டோ' சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாறு என்பது பலருக்கு நினைவிருக்கும்.

தீர்ப்பு காகிதத்தில் இருக்கும்போதே நடப்பு வேறு பக்கம் போகும். 1987இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விடுவித்தது. 2025 பிப்ரவரியில், பிரதமர் மோடியைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரம் வந்த பிறகு விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு தளத்தைத் திறக்கவைத்தது. ஒரு படத்துக்காக ஆண்டாண்டாகச் சேர்ந்த மொத்தக் களஞ்சியமும் வாசகருக்கு மூடப்பட்டது என்பதுதான் இரண்டாவது நிகழ்வில் புதியது.

## தணிக்கை இல்லாமலே வாயை அடைப்பது

1975 ஜூன் 25 இரவு, நெருக்கடி நிலை அறிவிப்பு வந்தபோது, டில்லியில் நாளிதழ் அலுவலகங்கள் இருக்கும் பகதூர் ஷா ஜாபர் சாலையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பிறகு தணிக்கை வந்தது. நான்கு செய்தி முகமைகள் 'சமாச்சார்' என்று ஒன்றாக்கப்பட்டன. பத்திரிகைகளின் நெறிமுறைகளைக் கண்காணிக்கும் பத்திரிகை மன்றம் கலைக்கப்பட்டது. இன்று அவ்வளவு பாடு தேவையில்லை. நாளிதழ் விற்கும் விலை அதன் தாள், மை, போக்குவரத்துச் செலவைக்கூட முழுதாக ஈடுகட்டாது. மிச்சத்தை விளம்பரம் தருகிறது. தொலைக்காட்சிச் செய்தியைக் கட்டணமில்லாமலே பார்த்துப் பழகிவிட்டோம். அப்படியானால் விளம்பரக் குழாயைத் திறந்து மூடுபவர் கையில் பாதி அதிகாரம் போய்விடுகிறது. அது நடக்கும் வழிகள்:

1. அரசு விளம்பரம். மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே பெரிய விளம்பரதாரர்கள். கொடுப்பதும் நிறுத்துவதும் பெரும்பாலும் காரணம் சொல்லாமல் நடக்கும். 2019இல் மூன்று பெரிய ஆங்கில நாளிதழ்க் குழுமங்களுக்கு மத்திய அரசு விளம்பரம் நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. தமிழ்நாட்டில் அரசு கேபிள் வேறொரு பிடி: பிடிக்காத செய்தித் தொலைக்காட்சியின் அலைவரிசை எண்ணைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்ற புகார் 2018இல் பலமாக எழுந்தது. ஆட்சி மாறினாலும் இந்தப் புகார் ஓய்வதில்லை.

2. முதலாளியின் மற்றத் தொழில்கள். 2014இல் நெட்வொர்க் 18 ரிலையன்ஸ் வசமும், 2022 டிசம்பரில் என்டிடிவி அதானி குழுமம் வசமும் வந்தன. துறைமுகமும் மின்சாரமும் சுரங்கமும் நடத்துபவருக்கு அரசோடு நாள்தோறும் வேலை இருக்கும். செய்தி அறை அவருடைய கணக்கில் சிறு உருப்படி. தமிழ்நாட்டில் கட்சிக்கொரு தொலைக்காட்சி என்பதால் பார்ப்பவர் கொஞ்சம் கழித்தே பார்க்கிறார். எனக்குக் கட்சித் தொலைக்காட்சியைவிட, நடுநிலை என்று பெயர் போட்டுக்கொண்டு நடப்பதில்தான் அச்சம் அதிகம்.

3. பார்வையாளர் எண்ணிக்கை. தொலைக்காட்சிக்கு விளம்பரம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வரும். 2020இல் சுமார் 44,000 வீடுகளில் பொருத்திய கருவிகளை வைத்து நாடு முழுவதற்கும் பார்வையாளர் கணக்குச் சொன்னார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மும்பை காவல்துறை முறைகேட்டுப் புகாரைக் கிளப்பியதும் செய்தித் தொலைக்காட்சிகளின் வாராந்தரக் கணக்கு நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் திரும்பியது. கணக்கு நேர்மையாக இருந்தாலும்கூட, அது எதைப் பார்த்தார்கள் என்று மட்டுமே சொல்லும்.

4. காசு வாங்கிக்கொண்டு போடும் செய்தி. விளம்பரம் என்று அறிவிக்காமல் வேட்பாளரிடம் பணம் பெற்றுச் செய்தி வடிவில் அச்சிடுவது இது. 2009 தேர்தல்களில் ஒன்றுக்கொன்று போட்டியான நாளிதழ்களில், வெவ்வேறு நிருபர் பெயர்களோடு, ஒரே வாசகம் வார்த்தை மாறாமல் வந்தது. பத்திரிகை மன்றம் நியமித்த இருவர் குழு பெயர்களோடு விரிவான அறிக்கை கொடுத்தது. மன்றம் அதைச் சுருக்கி வெளியிட்டு முழு அறிக்கையை உள்ளே வைத்துக்கொண்டது. மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு 2011இல்தான் அது வெளிவந்தது. ஊடகத்தைப் பற்றிய உண்மையை வெளிக்கொணர ஊடகத்துக்கே தகவல் உரிமைச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

5. தாலுகா நிருபர். இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. சிற்றூர்களில் செய்தி தருபவர் பெரும்பாலும் பகுதி நேர நிருபர். நிலையான ஊதியம் இல்லை, அல்லது பெயருக்கு ஒரு தொகை. ஆண்டு மலருக்கும் பொங்கல் மலருக்கும் விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன் உண்டு. விளம்பரம் கேட்டு அவர் போவது அதே ஊராட்சித் தலைவரிடம், அதே ஒப்பந்ததாரரிடம், அதே தனியார் பள்ளித் தாளாளரிடம். அடுத்த வாரம் அவர்களைப் பற்றி அவர் என்ன எழுத முடியும்? எழுதினால் பின்னால் நிற்க வக்கீலும் இல்லை, அலுவலகமும் இல்லை.

ஐந்தாவது வழியின் கோரமான முடிவு 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் தெரிந்தது. முகேஷ் சந்திரகர் தனிச் செய்தியாளர். பெரிய தொலைக்காட்சிகளுக்குச் செய்தி தந்துகொண்டே சொந்தமாக யூடியூப் சேனலும் நடத்தினார். ஒரு சாலைப் பணியின் முறைகேடு பற்றிய செய்திக்குப் பிறகு காணாமல் போனவரின் உடல், ஒப்பந்ததாரர் ஒருவருக்குச் சொந்தமான வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டியில் கிடைத்தது. தொட்டியின் மேல் புது சிமென்ட் பூசியிருந்தது. கைப்பேசி வைத்திருப்பவர் எல்லோரும் செய்தியாளர்தான் என்று சொல்லும்போது, அவருக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

## அடுத்து என்ன கவனிக்க வேண்டும்

மேலே சொன்ன கதைகளில் திரும்பத் திரும்ப வந்த கருவி ஒன்று உண்டு: ஆவணம் கேட்கும் உரிமை. அதில் இப்போது ஒரு மாற்றம் வந்திருக்கிறது.

2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு, தனிப்பட்ட தகவலை மறுக்க அதிகாரிக்கு அனுமதி தந்தது. ஆனால் நிபந்தனைகள் இருந்தன: அந்தத் தகவலுக்குப் பொதுப்பணியோடு தொடர்பு இருக்கக் கூடாது, பெரிய பொதுநலன் இருந்தால் தர வேண்டும், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. 2023இல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, அந்த நிபந்தனைகளை எல்லாம் எடுத்துவிட்டு, 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம் என்று மாற்றுகிறது. பொதுநலனுக்காகத் தரலாம் என்ற 8(2) பிரிவு நீடிப்பதால் பாதகமில்லை என்கிறது அரசு. அது உண்மைதான், ஆனால் பொதுநலன் இருக்கிறது என்று அதிகாரியை ஒப்புக்கொள்ள வைக்கும் சுமை கேட்பவர் தலையில்தான் விழும், பெரும்பாலும் மேல்முறையீட்டில்.

இது ஏன் உள்ளூர்ச் செய்தியைக் குறிப்பாகத் தாக்கும் என்பதற்கு இந்தச் சட்டத்தின் பிறப்பே சாட்சி. 1990களின் நடுவில் ராஜஸ்தானின் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு பொது விசாரணைகள் நடத்தியது. அரசுப் பணிகளின் கூலிப் பட்டியலை ஊரார் நடுவே உரக்கப் படிப்பார்கள். வேலையே செய்யாதவர், ஊரில் இல்லாதவர், செத்துப் போனவர் பெயரிலெல்லாம் கூலி எடுத்திருப்பதை ஊர் மக்களே அடையாளம் காட்டினார்கள். அந்தப் பட்டியலில் ஆதாரமாக இருந்தது பெயர்தான். பெயரைக் கறுப்பு மையால் அடித்துக் கொடுக்கும் பட்டியலிலிருந்து எத்தனை பேருக்கு எவ்வளவு கூலி என்று கூட்டிச் சொல்லலாம். அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எந்த நிருபராலும் கண்டுபிடிக்க முடியாது.